ரத்தக் குழாய்க்கு ஒரு மண்டலம் போதாது

என் மகனே,

ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதுவது வழக்கம். பொய்யில்லாமல் ஒரு கடிதம் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருப்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். மாடுகள் சௌக்கியம். கோழிகள் சௌக்கியம். உன் சித்தி என்னோடு பேசி மூன்று நாளாகிறது; போன மாதமாக இருந்தால் அதுவே பெரிய சௌக்கியம் என்று எழுதியிருப்பேன், இன்றைக்குக் கை வரவில்லை. நான் சௌக்கியமில்லை. நீயும் சௌக்கியமில்லை, ஆனால் அது உனக்குத் தெரியவில்லை. கவரை ஒட்டாமலே தபாலில் போடுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், உன்னோடு அறையில் தங்கியிருக்கும் ராணுவ டிப்போ ஆட்கள் படிக்கட்டும், ஆவடியில் இன்னும் மூட்டை கட்டாமல் இருக்கிற வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு யாராவது இங்கிலீஷில் சொல்லட்டும். மூடி மூடி வைத்துத்தான் இந்த வீடு ஒரு ஆளைத் தின்றது. அடுத்த ஆளையும் தின்னக் கொடுக்க நான் தயாராக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அறை வாசலில் நாம் பேசியது பத்து நிமிஷம்கூட இருக்காது. அந்தப் பத்து நிமிஷத்தை இந்த ஐந்து நாளில் ஐம்பதாயிரம் தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். "மருந்து துன்றியாடா?"

"உட்டுட்டேன் சித்தப்பா."

"உட்டுட்டியா? எப்போ?"

"ஆச்சு ஒரு மாசம். ரத்தக் கொதிப்பு எறங்கிச்சு, டிப்போ டாக்டரு பாஸ் பண்ணி வேலையும் பர்மனெண்ட் ஆயிடுச்சி. அப்பறம் இன்னாத்துக்கு அந்தக் கருமம்? அதத் துன்னா மூக்கு அடைச்சிக்குது, நாள் பூரா தூங்கி வழியறேன். தையில கண்ணாலம். மாப்பிள்ள எலையில உப்பு வெக்காதீங்கன்னு பொண்ணு ஊட்ல போயி சொல்லச் சொல்றியா?"

"பூந்தமல்லி டாக்டரு நிறுத்தச் சொன்னாரா?"

அப்போது நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "அவரு எப்டி சொல்லுவாரு? அவரு மருந்தத் துன்னுதான எங்க நைனா செத்தாரு? நீதான சொன்ன?"

அம்பத்தூர் ஏரியின் மதகுபோல வாய் படைத்தவன் நான். என் வாயை அடைக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது என்று நானே ஊருக்குச் சொல்லித் திரிந்தவன். அப்படிப்பட்ட நான் அங்கிருந்து திரும்பி நடந்தேன். திங்கட்கிழமை மறுபடி வந்தேன், செவ்வாய்க்கிழமையும் வந்தேன். "அண்ணாத்தே டூட்டிக்குப் போயிட்டாரு" என்று உன் அறைக்காரன் இரண்டு நாளும் சொன்னான். இரண்டு நாளும் உன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. இந்தியா பூராவிலும் செருப்பில்லாமல் டூட்டிக்குப் போகிற முதல் ஸ்டோர் கீப்பர் நீயாகத்தான் இருக்கவேண்டும். கோபமில்லை, மகனே. அதனால்தான் இந்தக் கடிதம். கடிதம் வந்தால் அறைக்காரன் "அண்ணன் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது பார்.

எனக்கு இருக்கிற பெரிய கஷ்டம் என்ன தெரியுமா? நான் சொன்னால் யார் நம்புவார்கள்? சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நான் விட்ட கதைகளுக்கு அளவே இல்லை. நான் தும்மினால் பூந்தமல்லி ரோட்டுப் புளியமரமெல்லாம் பூ உதிர்க்கும் என்றேன். கவர்னர் துரை என் மீசையைப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்தி இறங்கினார் என்றேன். நீ ஏழு வயதுவரை நம்பினாய், எட்டு வயதில் சிரிக்கத் தொடங்கினாய். அன்று முதல் நான் எதைச் சொன்னாலும் நீ சிரிப்பாய், எனக்கு அது பெருமையாகவே இருந்தது. ஊரில் தீப்பிடித்தது என்று நான் ஓடிவந்தால்கூட ஒருவனும் குடத்தைத் தூக்கமாட்டான் என்கிற நிலைக்கு என் பேரை நானே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். இவ்வளவு அளந்தவன் சொன்னதில் நீ சந்தேகப்படாமல் நம்பியது ஒன்றே ஒன்று. அது, உன் அப்பா டாக்டர் மருந்தால் செத்தார் என்பது. மகனே, நான் சொன்னவற்றுக்குள் பெரிய பொய் அதுதான். இனி வருகிற சில பத்திகளில் அளப்பு ஒரு துளியும் கிடையாது.

யுத்தம் ஆரம்பித்த வருஷம், ஆனி மாதம். உன் அப்பாவுக்குக் காலையில் எழுந்ததும் பின்மண்டையில் வலிக்கும். மூக்கிலிருந்து இரண்டு முறை ரத்தம் வந்தது. நீ அப்போது பட்டணத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு எழுதவேண்டாம் என்று அவர்தான் தடுத்தார். நான் வண்டி கட்டி அவரைப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனேன். டாக்டரை உனக்குத் தெரியும், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், அதிர்ந்து பேசாதவர். கையில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார். பெட்டியில் பாதரசம் மேலே மேலே ஏறியது. உன் அப்பா என் பக்கம் திரும்பி, "இன்னாடா இவரு, கைக்குக் காத்தடிக்கறாரு? நான் இன்னா சைக்கிள் டயரா?" என்றார். உன் அப்பா வாழ்நாளில் அடித்த கேலிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் இது ஒன்று. நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. பாதரசம் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

அவர் சொன்னது மூன்று. சோற்றிலும் குழம்பிலும் உப்பு கூடாது. கருவாடு, ஊறுகாய் வாசனைகூடக் கூடாது. சர்ப்பகந்தி வேரில் செய்த மாத்திரையைத் தினமும் விழுங்கவேண்டும். வேலையைக் குறைத்துத் தூக்கத்தைக் கூட்டவேண்டும். "ஒன்றரை மாசம் கழிச்சு வாங்க, பாக்கறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். ஒன்றரை மாசம் என்றால் நாற்பத்தைந்து நாள். இன்னும் மூன்று நாள் சேர்த்தால் ஒரு மண்டலம். நம் வீட்டில் யாராவது எதையாவது விட்டுவைத்தால் அது விரதம். விரதம் என்றால் ஒரு மண்டலம். மண்டலம் முடிந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக் கருவாட்டுக் குழம்பு வைத்து ஊரைக் கூப்பிட்டுப் போடுவது. பிறந்ததிலிருந்து இதைத்தான் பார்த்திருக்கிறோம். அம்மை கண்டாலும் இப்படித்தான், மாடு நோய்ப்பட்டாலும் இப்படித்தான். டாக்டர் வைத்தியம் சொன்னார். என் காதில் அது வேண்டுதலாக விழுந்தது. வண்டியில் திரும்பி வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்: ஆனியில் தொடங்கினால் ஆடியில் முடியும், கூழுக்குச் சரியாக இருக்கும். என்ன பொருத்தம், என்ன பொருத்தம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

உன் அப்பா இருந்த இருப்பைச் சொல்லவேண்டும். நாற்பத்தெட்டு நாளும் ஒரு கல் உப்பு நாக்கில் படவில்லை. உன் சித்தி ஒருநாள் மனசு கேட்காமல் ரசத்தில் துளி போட்டுவிட்டாள். ஒரு வாய் வைத்தவர் இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்துவிட்டார். மாத்திரையை மணி பார்த்து விழுங்கினார். மூக்கு அடைத்தது, மனசு சோர்ந்தது, மாட்டைப் பார்த்துக்கூடக் கண்ணீர் விட்டார். ஆனாலும் விடவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் பூந்தமல்லிக்குப் போனோம். பாதரசம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. டாக்டர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. இப்படியே போகணும், விடக்கூடாது" என்று சொல்லி மறுபடியும் மாத்திரை கொடுத்தார். அதில் "ரொம்ப நல்லது" மட்டும்தான் என் மண்டைக்குள் போனது.

ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றினோம். நீ லீவுக்கு வந்திருந்தாய், ஞாபகம் இருக்கும். அண்ணனூரிலிருந்து வந்த பம்பைக்காரர்களோடு சேர்ந்து நான் ஆடியதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பந்தியில் உன் அப்பா இலைக்கு முன்னால் நான்தான் குழம்புச் சட்டியோடு நின்றேன். அவர் கையால் இலையை மறைத்தார்.

"டாக்டரு நிறுத்தச் சொல்லலியேடா."

"அண்ணாத்தே, மண்டலம் முடிஞ்சிது. ஆத்தாவே முடிச்சி உட்டுட்டா. டாக்டரு இன்னா ஆத்தாவுக்கு மேலயா?"

"வேணாண்டா. பயமா கீது."

"நானில்ல நிக்கறேன்? எமன் வந்தான்னா என் மீசையப் பாத்துட்டு எருமய உட்டு எறங்கி ஓடிடுவான். கைய எடு."

கையை எடுத்தார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் பேச்சைக் கேட்டு அவர் ஒன்றைச் செய்தது வாழ்நாளிலேயே அந்த ஒருமுறைதான். இரண்டு கரண்டி ஊற்றினேன். சாப்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று நினைத்தேன், சந்தோஷம்தான் என்று பிறகு நினைத்தேன், இப்போது என்னவென்று நினைப்பதென்றே தெரியவில்லை. மீதியிருந்த மாத்திரையை மறுநாள் நானே கொண்டுபோய் ஏரிக்கால்வாயில் கொட்டினேன். வேண்டுதல் முடிந்தபின் மிச்சம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்பது சம்பிரதாயம் அல்லவா.

ஐப்பசியில் மடை திறக்கப் போனவர் வரப்பில் விழுந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சு போனது. ஒன்பது நாள் கிடந்தார். நீ வந்து சேர்ந்தபோது உன்னைப் பார்த்தார், பேச முடியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

சாவு வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நல்லா இருந்த மனுஷன், எப்படி? என் மேல் ஒரு கை நீண்டுவிடுமோ என்கிற பயத்தில், யாரும் என்னைக் கேட்பதற்கு முன்னால் நானே உரக்கச் சொன்னேன்: "அந்தப் பூந்தமல்லி டாக்டரு மருந்துதான் கொன்னுடிச்சி. வேரு குடுக்கறேன் வேரு குடுக்கறேன்னு ரத்தத்தயே சுண்ட வச்சிட்டாரு." நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய், பத்தொன்பது வயது, மழித்த தலை. நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். அந்த நேரமே நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. நம் ஊரிலிருந்து அதற்குப் பிறகு பல வருஷம் அவரிடம் யாரும் வைத்தியத்துக்குப் போகவில்லை. டிப்போ டாக்டர் உன்னை அவரிடம் அனுப்பியபோது நீ வேண்டா வெறுப்பாகத்தான் போனாய். உன் அப்பாவை ஒரு பொய்யால் புதைத்தேன், மகனே. அந்தப் பொய் ஏழு வருஷம் உன் வீட்டிலேயே வளர்ந்து, இப்போது உன் வாயிலிருந்தே மாத்திரையைத் தட்டிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் சித்தியிடம் முதலில் சொன்னேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள், எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்துதான் பேச்சில்லை. புதன்கிழமை பூந்தமல்லிக்குப் போனேன். டாக்டரிடம் என்ன சொல்வது என்று வழி பூரா ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்து நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தேன். அடுத்த அறையிலிருந்து கம்பவுண்டர் ஓடிவந்து எனக்கு வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தான். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. டாக்டர் என்னை எழுப்பி உட்கார வைத்து, கடைசி வரை கேட்டார். பிறகு, "எனக்கு அப்பவே தெரியும். கடைசியா நான் குடுத்ததுல பாதி மாத்திரைகூட அவர் சாப்பிட்டு முடிச்சிருக்க மாட்டார்னு. மறுபடி வாங்க வரவே இல்லையே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

"டாக்டர், நாப்பத்தெட்டு நாள்ல எறங்கிச்சே. எறங்கினது ஏன் மறுபடி ஏறணும்? சரியாப் போன ஒடம்புதானே?" என்று கேட்டேன். அவர் என் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

"இது என்ன?"

"காப்பு காய்ச்சது. மம்மட்டி புடிச்சிப் புடிச்சி."

"பொறக்கும்போதே இருந்துதா? இல்லை. மம்மட்டி அழுத்த அழுத்த, தோல் தன்னைக் காப்பாத்திக்கத் தடிச்சுது. ரத்தக் குழாய்ச் சுவரும் அதேதான். உள்ளே அழுத்தம் வருஷக்கணக்கா ஏறி நின்னா, சுவர் தாங்கறதுக்காகத் தடிக்கும், விறைக்கும். கையில தடிச்சா யாருக்கும் நஷ்டமில்லை. குழாய்ல தடிக்கறது உள்பக்கமா. உள்ளே வழி குறுகும். வழி குறுகினா அதே ரத்தத்தைத் தள்ள இன்னும் அழுத்தம் வேணும். அழுத்தம் ஏறினா சுவர் இன்னும் தடிக்கும். ஒண்ணை ஒண்ணு வளர்த்துக்கிட்டே போகும்."

"அப்ப மருந்து?"

"மருந்துங்கறது மம்மட்டியைக் கீழே வைக்கறது. வச்ச அன்னிக்கே காப்பு உதிர்ந்துடுமா?"

மகனே, இதற்குப் பதில் இந்த உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பனைமரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு ஆறு மாதம் படுத்திருந்தேனே, அப்போது வேறு வேலை இல்லாமல் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் மாதம் ஓரம் மெல்ல இளகியது. பிறகு உரிந்தது. ஆறாம் மாதம் உன் சித்தி என் கையைத் தொட்டுப் பார்த்து, "இன்னா இது, மிராசுதார் கையாட்டம் கீது" என்றாள். எழுந்து நடந்த முதல் வாரமே மம்மட்டி பிடித்தேன், கொப்புளம் போட்டு, மறுபடி காய்த்தது. அப்படியென்றால் நாற்பத்தெட்டாம் நாள் உன் அப்பாவின் குழாய்க்குள் ஒன்றும் குணமாகியிருக்கவில்லை. பாரம் மட்டும்தான் இறங்கியிருந்தது. சுவர் அப்படியே தடித்துத்தான் இருந்தது, இளகத் தொடங்கும் நேரத்தில் நான் கரண்டியோடு போய் நின்று மறுபடி பாரத்தை ஏற்றினேன். விறைத்தும் நைந்தும் கிடந்த ஒரு சின்னக் குழாய் மூளைக்குள் தாங்காமல் வெடித்தது. டாக்டர் இதை இவ்வளவு கொடூரமாகச் சொல்லவில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். இருட்டறையில் உன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாராமே. உடம்பை அறுக்காமல் ரத்தக் குழாயைக் கண்ணால் பார்க்க அந்த ஒரு ஜன்னல்தான் உண்டாம். முற்றிப்போனவர்களுக்கு அது செம்புக் கம்பி மாதிரி மின்னுமாம், குறுக்கே போகிற குழாயை நெரிக்குமாம். உனக்கு அங்கங்கே கொஞ்சம் குறுகல், அவ்வளவுதான் என்றார். "இப்பதான் ஆரம்பம். வயசும் சின்னது. இறக்கி, இறக்கினபடியே வருஷக்கணக்கா வச்சிருந்தா சுவர் நிறைய இளகித் திரும்பும்னு நம்பறேன். எல்லாம் திரும்பும்னு சத்தியம் பண்ணமாட்டேன். விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை" என்றார். மாத்திரையால் வருகிற தூக்கத்தையும் மனச்சோர்வையும் சொன்னேன். அளவைக் குறைத்துப் பார்க்கலாம், வேளையை மாற்றலாம், ஆனால் என்ன படுத்துகிறது என்று அவன் வந்து என்னிடம் சொல்லவேண்டும், தானாக நிறுத்தக்கூடாது என்றார். உனக்குத் தலைவலிகூட இல்லையே என்றும் கேட்டேன். "தடிக்கும்போது வலிக்காது. கை காய்க்கும்போது உங்களுக்கு வலிச்சுதா?" என்றார்.

இனி எழுதப்போவதைப் படித்தால் நீ என் கழுத்தை நெரிக்க ஆவடியிலிருந்து ஓடிவருவாய். வா. அதற்காகவாவது வா. நேற்று வியாழக்கிழமை நான் சென்னீர்குப்பத்துக்குப் போய், உனக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண்ணின் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் ரத்த அழுத்தம், உன் மாத்திரை, உன் உப்பு, உன் அப்பா, நான், கருவாட்டுக் குழம்பு, ஒன்று பாக்கி வைக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்றுதானே மாத்திரையை நிறுத்தினாய்? தெரிந்துவிட்டது. இனி அந்தக் காரணம் உனக்குக் கிடையாது. இதைச் செய்ய எனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டால், இல்லை. ஆயுசில் நான் செய்த காரியங்களில் அதிகாரத்தோடு செய்தது எது?

பெண்ணின் தகப்பனார் கொதித்துப் போனார். "இன்னாய்யா, நோவுக்காரனுக்கா பொண்ணு கேட்டு வந்தீங்க? தட்டு மாத்தறப்போ வாயத் தொறந்தியா நீ?" என்றார்.

"தொறக்கல சம்பந்தி. தப்புதான். இப்ப தொறந்துகினு வந்திருக்கேன்."

"இப்ப தொறந்து? ஊரெல்லாம் சொல்லியாச்சி, பந்தக்காரனுக்குச் சொல்லியாச்சி. போய்யா, உன் தாம்பூலத்த நீயே எடுத்துகினு போ."

நான் எழுந்துவிட்டேன். உள்ளே கதவோரம் வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வெளியே வந்தாள். நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள், "மாமா, அவரு மருந்த உட்டது சாவறதுக்குப் பயந்துகினா, எனுக்குப் பயந்துகினா?"

"உனுக்குத்தாம்மா" என்றேன்.

"அப்ப எனுக்கு எதிர்லயே கைய நீட்டச் சொல்லுங்க. அந்த டாக்டரு காத்தடிக்கட்டும், நான் பாக்கறேன். ஏறி இருந்தாலும் எனுக்குப் பரவால்ல. நீட்ட மாட்டேன்னா, அந்த ஆளு எனுக்கு வேணாம்."

தகப்பனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நைனா, நீயும் வா. கண்ணால பாத்துட்டு அப்பறம் தாம்பூலத்தத் திருப்பு" என்றாள். கடைசியில், வருகிற புதன்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை வந்தால் மேற்கொண்டு பேசுவது, வராவிட்டால் அன்று சாயங்காலமே தட்டைத் திருப்புவது. மகனே, அவ்வளவு நேரமும் எனக்குப் பயம். கல்யாணம் நிற்குமோ என்று பயமில்லை. கல்யாணம் நின்றாலும் நீ இருப்பாய். நீ வரமாட்டாயோ என்றுதான் பயந்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் கெஞ்சுகிறேன். இது விரதமில்லை, இதற்கு முடிவு நாள் கிடையாது, கூழ் கிடையாது, பம்பை கிடையாது. பாதரசம் இறங்கியதைப் பார்த்து யார் கைதட்டினாலும், நான் தட்டினாலும், நம்பாதே. உப்பில்லாத சோறு மண் மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செவ்வாயிலிருந்து நானும் அதைத்தான் தின்கிறேன், எனக்கு ஒரு நோயும் இல்லை, ஆனாலும் உன் அப்பா நாற்பத்தெட்டு நாள் எதை விழுங்கினார் என்று தெரிந்துகொள்ளவேண்டும் போல் இருக்கிறது. நாலு நாளிலேயே எனக்கு உயிர் போகிறது. நீ அந்தப் பாட்டை இரண்டு மாதம் பட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாயே. அப்போது உன் தோளைத் தட்டிக்கொடுக்க நான் அங்கே இல்லாமல் போனேன். என்னை நீ மன்னிக்கவேண்டாம். நான் செத்தால் கொள்ளி வைக்கவும் வரவேண்டாம். ஆனால் அதற்கு நீ உயிரோடு இருந்து, வரமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு எங்கேயாவது நிற்கவேண்டும். எனக்கு அந்த ஒன்று போதும்.

புதன்கிழமை காலை பத்து மணி, பூந்தமல்லி டாக்டர் வீடு. அந்தப் பெண் வருகிறாள், அவள் தகப்பனார் வருகிறார், உன் சித்தி வருவாளா என்று தெரியவில்லை. நான் எட்டு மணிக்கே போய்ப் படியில் உட்கார்ந்துவிடுவேன், கதவு சாத்தும் வரை எழுந்திருக்கமாட்டேன். பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். கையை மட்டும் கொண்டுவா. ஏசவேண்டியதையெல்லாம் அதற்கப்புறம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்து ஏசு.

உன் சித்தப்பன்